கூட்டணுமாம்மா, பெருக்கணுமா?

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு "கூட்டணுமாம்மா, பெருக்கணுமா?" என்று என் முகத்தைப் பார்க்கிறாள். டீச்சரோ படம் வரைந்து போடச் சொல்கிறார். வாய்ப்பாடு தெரிந்தவளுக்குப் படம் எதற்கு?
- ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: உங்கள் முகத்தைப் பார்க்கிறாளே, அதற்குத்தான் படம். விடை கண்டுபிடிக்க அவளுக்கு வாய்ப்பாடு போதும். எதைச் செய்வது என்று முடிவெடுக்கத்தான் ஆள் தேவைப்படுகிறது.

"மொத்தம்" வந்தால் கூட்டு, "மடங்கு" வந்தால் பெருக்கு என்று யாராவது குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். (நானும் என் பையனுக்குச் சொல்லிவிட்டு, பிறகு அதை மறக்கடிக்கப் பட்ட பாடு தனிக்கதை.) "பூக்காரக்காவிடம் 4 பந்து மல்லிகை, பந்துக்கு 6 முழம் வீதம், மொத்தம் எத்தனை முழம்?" இதிலும் மொத்தம் இருக்கிறது, கூட்டினால் 10 என்று வந்து நிற்கும். நாலு வட்டம் போட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு கோடு இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும்போதே ஆறும் ஆறும் ஆறும் ஆறும் என்று தெரிந்துவிடும், 24. ஒரு வட்டத்தில் ஆறு, இன்னொன்றில் ஐந்து என்று போட்டால் உடனே அழிக்காதீர்கள். "வீதம்" அவளுக்குப் புரியாமல் இருக்கலாம், அது வீட்டில் புழங்கும் சொல் இல்லையே. "பந்துக்கு ஆறாறு முழம்" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் 30 முட்டை அட்டை. வரிசைக்கு 6, ஐந்து வரிசை. அட்டையைத் திருப்பி வைத்தால் வரிசைக்கு 5, ஆறு வரிசை. முட்டை அதே 30தான், 5 × 6 தெரிந்தால் 6 × 5 தெரிந்த மாதிரி. வாய்ப்பாட்டில் பாதி மனப்பாடம் இதிலேயே மிச்சம்.

எண் பெரிதானால் புள்ளி வைக்க வேண்டாம், கை வலிக்கும். தோட்டத்தில் வரிசைக்கு 14 செடி, 6 வரிசை என்றால் ஒரு செவ்வகம் போட்டு 14ஐ 10, 4 என்று ஒரு கோட்டால் பிரித்தால் போதும். அந்தப் பக்கம் 60, இந்தப் பக்கம் 24, ஆக 84.

வினையே இங்கேதான்: "அக்காவிடம் 24 முழம் பூ. அது தங்கையிடம் உள்ளதைப்போல் 3 மடங்கு. தங்கையிடம் எவ்வளவு?" மடங்கைப் பார்த்ததும் 72 என்று எழுதாத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. தங்கைக்கு ஒரு கட்டம், கீழே அக்காவுக்கு அதே அளவில் மூன்று கட்டம் ஒட்டிப் போடச் சொல்லுங்கள். 24ஐ எங்கே எழுதுவது என்று யோசித்தாலே, அது அக்காவின் மூன்று கட்டத்துக்கும் சேர்த்து என்று தெரியும். ஒரு கட்டம் 8. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்தே இந்தப் பட்டைப் படம்தான் போடுகிறார்கள், டீச்சர் புதுசாகக் கண்டுபிடித்துப் படுத்தவில்லை!

கேள்வி: விடை சரி, படம் இல்லை என்று பையனுக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். நியாயமா?
- வாசகர், மேலூர்

பதில்: "படம் வரைக" என்று கேட்கவில்லை என்றால், என்னைக் கேட்டால் நியாயமில்லை. ஆனாலும் 7 × 3 என்று எழுதிக்கொடுத்து, இதற்கு ஒரு கதை சொல்லுடா என்று கேளுங்கள். ஏழு ஆட்டோ, ஆட்டோவுக்கு மும்மூன்று பேர் என்று சொன்னால் படம் அவன் மண்டைக்குள் ஓடுகிறது, விட்டுவிடலாம். "ஏழு மாம்பழம் இருந்துச்சு, இன்னும் மூணு வாங்குனாங்க" என்று ஆரம்பித்தானானால் மேலே சொன்ன மல்லிகைக் கணக்கின் நாலு வட்டத்திலிருந்து தொடங்குங்கள்.