4 ஓம், 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 35 வாட் வால்வு ஆம்ப் தாங்குமா?

உங்கள் ஸ்பீக்கர் 84 டெசிபல் (கொடுத்த சிக்னலுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு), 4 ஓம் (கரண்டை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு, அதாவது இம்பீடன்ஸ்). தென்னாப்பிரிக்கா டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் ஒருவர் இஎல்34 என்ற வால்வு (கண்ணாடிக் குழாய்) போட்ட 35 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) விற்கிறார், அதே ஊர் சாட்ஸ்வர்த் வீட்டு ஹாலுக்கு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இந்த ஜோடிக்கு வேண்டாம் என்பேன்.

எல்லோரும் 84 டெசிபல் குறைவு என்று காட்டித்தான் பயமுறுத்துவார்கள். எனக்கு அதைவிட அந்த 4 ஓம்தான் இடிக்கிறது. பிபிசி 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் கூட 83 டெசிபலுக்குப் பக்கம்தான். ஆனால் அதன் முதல் பதிப்பு 15 ஓம். அதனால் சின்ன அறையில் சின்ன வால்வு ஆம்பே அதைச் சமாளித்துவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் 4 ஓம் என்பது ஒரு குத்துமதிப்பு. பாஸ் பகுதியில் 3 ஓம், அதற்கும் கீழே இறங்குவது சகஜம். அங்கே கரண்ட் நிறைய வேண்டும். வால்வுக்கோ வோல்டேஜ் அதிகம், கரண்ட் குறைவு; அதை ஸ்பீக்கருக்குத் தோதாக மாற்றித் தருவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அது எதிர்பார்த்ததைவிட ஓம் கீழே போனால் பவர் குறையும், டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) ஏறும்.

இன்னொரு கணக்கும் உண்டு. டெசிபலைப் பெரும்பாலும் 2.83 வோல்ட்டில் அளப்பார்கள். அது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். அப்படிப் பார்த்தால் உங்கள் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 81 டெசிபல்தான். 35 வாட்டும் முழுசாகக் கிடைத்தாலும் 1 மீட்டரில் 96 டெசிபல். சோஃபாவுக்கு வரும்போது இன்னும் குறையும். குரலுக்கும் வீணைக்கும் இது தாராளம். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைச் சத்தமாக வைத்தால்தான் குட்டு வெளிப்படும்: தவிலின் தொப்பியில் குச்சி விழும் அடி கிண்ணென்று வராமல் மழுங்கிப்போகும்.

ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிப் பிழையைத் திருத்தும் முறை) இல்லாத சிங்கிள் எண்டட் (ஒரு வால்வே முழு அலையையும் கையாளும்) ஆம்ப் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் சொந்தத் தடை) 2 ஓம் என்று வையுங்கள். ஸ்பீக்கர் 3 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கினால், ஒலியில் சுமார் மூன்றரை டெசிபல் மேடு பள்ளம் விழும். சிலர் அதையே ‘வால்வு இனிமை’ என்று கொண்டாடுவார்கள், அது அவரவர் காது.

ஆசை விடவில்லை என்றால், ஆம்பை ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். ஸ்பீக்கரை ஆம்பின் 4 ஓம் டேப்பில் (ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனை) மாட்டுங்கள், 8 ஓமில் வேண்டாம். ஸ்பீக்கர் ஒயர் இல்லாமல் ஆன் செய்து பாட்டு ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கே உலை வைத்துவிடும். மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

அப்புறம் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு. இப்போது குறைந்துவிட்டாலும் வீட்டில் பழைய இன்வெர்ட்டர் இருக்குமே, அது சுத்தமான சைன் அலை தராத ரகமாக இருந்தால் வால்வு ஆம்பை அதில் போடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும். பாட்டு கேட்காவிட்டாலும் இந்த ஆம்ப் சுவரிலிருந்து நூறு வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

நானாக இருந்தால் இருக்கிற ஸ்பீக்கருக்கு 4 ஓமில் 150 வாட்டாவது தரும் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் ஒன்றைப் பழையதாகத் தேடுவேன். வால்வு வேண்டுமென்றால் அதன் முன்னால் ஒரு வால்வு ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் சிக்னலைத் தயார்செய்யும் ஆம்ப்) போடலாம், ஸ்பீக்கரின் ஓம் அதைத் தொடாது.