மியூனிக்கில் முதல் கேம் நைட்: தோசை வேண்டாம் தம்பி

மியூனிக் வந்து சில மாதம்தான் ஆகிறது, ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேரை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, தென்னிந்தியச் சாப்பாடு போட்டு, போர்டு கேம் ஆட வேண்டும், என்ன செய்யலாம், என்ன தட்டு வாங்கலாம், என்ன அலங்காரம் பண்ணலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டும் அலங்காரமும் உங்கள் இஷ்டம். அடுப்பையும் மேஜையையும் பற்றித்தான் நான் சொல்வேன்.

தோசை வேண்டவே வேண்டாம். ஏழு பேருக்கு ஆளுக்கு மூன்று என்றாலே ஒரு மணி நேரம் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். இங்கே நம்மவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள்: பத்து வகை சமைத்து, மனைவியை அடுப்படியில் நிறுத்திவிட்டு, "எங்கள் விருந்தோம்பலைப் பாருங்கள்" என்கிறார்கள். வந்தவர்களுக்கு அது சங்கடம். அவர்கள் உங்களோடு உட்கார்ந்து ஆடத்தான் வருகிறார்கள்.

அதே மாவில் பணியாரம் ஊற்றுங்கள். இட்லி அரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன் போதும். குளிர்காலத்தில் சமையலறை மேடையில் வைத்தால் மாவு புளிக்காது. ஓவனில் சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு, பாதி காலியாக உள்ள பாத்திரத்தில் இரவு முழுக்க வையுங்கள். ஏழு குழிக் கல்லில் ஆறு ஈடு எடுத்தால் 42 பணியாரம். ஃபாயில் மூடி ஓவனில் 80 டிகிரியில் வைத்தால் அரை மணி நேரம் மெத்தென்று இருக்கும். கூடவே அரை கிலோ அரிசியில் எலுமிச்சை சாதம், தயிர்ப்பச்சடி, காரம் கூடவும் குறையவுமாக இரண்டு கிண்ணம் சட்னி. நிலக்கடலையைத் தனியாக வையுங்கள். யாருக்கு என்ன ஒவ்வாது, யார் வீகன் என்று கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள். பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். குளூட்டன் ஆகாதவருக்கு அது ஆகாது.

தாளிப்பை அவர்கள் வருவதற்கு வெகு முன்பே முடித்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கோட்டுகளை நடையில் மாட்டாமல் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். கம்பளிக் கோட்டில் ஏறிய தாளிப்புப் புகை வாசம் நாள்கணக்கில் போகாது.

ஆறரைக்கு என்று சொன்னால் ஆறரைக்கு மணி அடிப்பார்கள். இந்த ஒழுங்கு எனக்கு இப்போது ரத்தத்திலேயே ஊறிவிட்டது, உங்களுக்கும் ஊறட்டும். முதலில் வரும் இருவருக்கு ஒரு பல்லாங்குழி போதும்: 14 குழி, குழிக்கு 6 சோழி.

இங்கே பிறந்த கேட்டன் (Catan) என்ற போர்டு கேமை எல்லோரும் சொல்வார்கள். 1995இல் வந்த நல்ல ஆட்டம்தான், ஆனால் அடிப்படைப் பெட்டி நான்கு பேருக்குத்தான். ஏழு பேர் என்றால் குறிப்பு கொடுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஜஸ்ட் ஒன் (Just One) எடுங்கள்: மூன்றிலிருந்து ஏழு பேர், இருபது நிமிடம், எல்லோரும் ஒரே அணி. இல்லையென்றால் ஜெர்மன் சீட்டாட்டமான ஸெக்ஸ் நிம்ட் (6 nimmt!), பத்துப் பேர் வரை ஆடலாம். ஆளுக்குப் பத்துச் சீட்டு, நடுவில் நான்கு வரிசை. ஒரு வரிசையில் ஆறாவது சீட்டை வைப்பவர் முன்னால் உள்ள ஐந்தையும் எடுக்க வேண்டும், எடுத்த சீட்டிலுள்ள காளைத்தலைகள் அபராதமாக அவர் கணக்கில் ஏறும். ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஜஸ்ட் ஒன்னை எந்த மொழியில் ஆடுவது என்று முன்பே பேசிவைத்து, அந்தப் பதிப்பை வாங்குங்கள்.

சாப்பாடு முடிந்து, மேஜையைத் துடைத்து, எல்லோரும் கை கழுவிய பிறகே சீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். மிக்ஸர் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு சீட்டின் முதுகில் எண்ணெய்க் கறை பட்டால், அது யார் கையில் இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் அந்தக் கட்டே வீண். கொறிக்க முறுக்கோ கடலையோ வேண்டுமானால் சின்னக் கிண்ணத்தில் கரண்டி போட்டு வையுங்கள்.

பத்து மணிக்கு மேல் சத்தம் ஆகாது. நாற்காலிக் காலில் ஃபெல்ட் ஒட்டுங்கள், கீழ் வீட்டுக்காரரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடையில் திருப்பிக் கொடுத்து டெபாசிட் வாங்க முடியாத ஒயின் பாட்டில்களை ஞாயிற்றுக்கிழமை தெருவிலுள்ள கண்ணாடிக் கழிவுத் தொட்டியில் போடாதீர்கள், திங்கட்கிழமை போடுங்கள்.