முயல் ஜூலியா கணத்துக்கு பரிமாணம் 2 வருதா? விளிம்பை எண்ணுங்கோ

தம்பி, உப்புவெளியில இருந்து கேட்டிருந்தீங்க, டுவாடி முயல் எண்ட ஜூலியா கணத்துக்கு (z² + c எண்ட சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போடேக்க ஓடிப்போகாத புள்ளிகளின்ட விளிம்பு, இதில c = −0.123 + 0.745i), படத்தைக் கட்டங்களாப் பிரிச்சுப் பெட்டி எண்ணிப் பார்த்தா பரிமாணம், அதாவது விளிம்பு எவ்வளவு நெளிவு எண்டு காட்டுற எண், 2 கிட்ட வருது எண்டு. உங்கட கணினி நிரல் சரியா இருக்கு, எண்ணுற சாமான்தான் பிழை. நீங்க கறுப்பு பிக்சல் விழுற கட்டம் எல்லாத்தையும் எண்ணுறீங்க, அது உள்ளுக்க நிரம்பின கணம், அதுக்கு பரப்பு இருக்கு, அப்ப 2தான் வரும். எங்கட உள்துறைமுகத்த மேப்ல வச்சு தண்ணி விழுற கட்டத்தை எண்ணினா கரையோட நெளிவு தெரியுமா?

கறுப்பும் வெள்ளையும் ரெண்டும் இருக்கிற கட்டத்தை மட்டும் எண்ணுங்கோ. கணிதவியலாளர் மக்முல்லன் கணக்கிட்ட மதிப்பு சுமார் 1.3934, அதுக்குக் கிட்ட வரோணும். ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல் கட்டங்களை, கட்ட அளவுக்கும் எண்ணிக்கைக்கும் போடுற லாக் வரைபில சேர்க்காதீங்கோ, பரிமாணத்தைத் தாற சரிவு கெட்டுப்போகும். பின்னோக்கி வர்க்கமூலம் எடுத்துப் புள்ளி போடுற முறையும் இருக்கு, ஆனா புள்ளியெல்லாம் வெளி நுனியில குவிஞ்சு உள் இடுக்குகள் வெறுமையாக் கிடக்கும், அதால குறைச்சுக் காட்டும், எனக்கு அது பிடிக்கேல்ல.

இணைஞ்ச ஜூலியா கணம் தாற c எல்லாம் சேர்ந்த மாண்டல்பிராட் கணத்தின்ட விளிம்புக்கு உண்மையாவே 2தான், கணிதவியலாளர் ஷிஷிகுரா நிரூபிச்சவர், ரெண்டையும் குழப்பாதீங்கோ.