ஆட்ரி ஹெப்பர்ன் பாலே படித்தவராமே, பிறகு ஏன் நடிகையானார்?
ஆமாம், முறையாகவே படித்தவர். 1929இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தார். பள்ளிப்படிப்பு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். 1939இல் போர் மூண்டதும், நெதர்லாந்துக்குச் சண்டை வராது என்று நம்பி அம்மா அவரை அந்நாட்டின் ஆர்ன்ஹெம் நகருக்கு அழைத்துக்கொண்டார். அந்த நம்பிக்கை ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 1940 மே மாதம் ஜெர்மன் படை நுழைந்துவிட்டது. ஆனாலும் அந்த ஊர் இசைப்பள்ளியில் பாலே கற்றார். 1944-45 குளிர்காலப் பஞ்சம்தான் அவர் உடம்பை உருக்குலைத்தது. வளரும் வயதில் அப்படியொரு பட்டினி, நினைத்தாலே மனம் கனக்கிறது.

போருக்குப் பின் ஆம்ஸ்டர்டாமில் சோனியா காஸ்கெலிடமும், 1948 வாக்கில் லண்டனில் மேரி ராம்பர்ட்டிடமும் பாலே பயின்றார். உயரமும் பலவீனமான உடலும் தடை, முதன்மை நடனமணி ஆக முடியாது என்று ராம்பர்ட் சொல்லிவிட்டார். அதன்பிறகே லண்டன் இசைநாடகங்களில் குழு நடனக்காரியாகச் சேர்ந்தார். சினிமாவுக்கு வழி திறந்தது அங்கிருந்துதான்.