கையடக்கக் கேமிங் கணினியா, மேசைக் கணினியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் ஓரளவு நல்ல மேசைக் கணினி இருக்கிறது. வீட்டில் எந்த அறையிலும், சில சமயம் பயணத்திலும் விளையாட ஆசை. அதை விற்றுவிட்டுக் கையடக்கக் கணினி வாங்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். வீட்டுக்குள் இடம் மாறி விளையாடுவதும் பயணத்தில் விளையாடுவதும் வெவ்வேறு தேவைகள். முதல் தேவைக்கு நீங்கள் எதையும் வாங்காமலே வழி இருக்கிறது. விளையாட்டை மேசைக் கணினியே இயக்க, அதன் காட்சியை மட்டும் வீட்டு வைஃபை வழியாகக் கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ பழைய மடிக்கணினியிலோ பெறலாம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் உள்ள விளையாட்டுகளுக்கு ஸ்டீம் லிங்க் செயலி போதும். மற்றவற்றுக்கு மேசைக் கணினியில் காட்சியை அனுப்பும் சன்ஷைன் மென்பொருளையும், பெறும் கருவியில் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் செயலியையும் நிறுவுங்கள். மேசைக் கணினியை ரவுட்டருடன் கேபிளால் இணைத்து, பெறும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைத்தால் கதை சார்ந்த விளையாட்டுகள் நன்றாகவே ஓடும். கண நேரத் தாமதமும் தோல்வியாகிவிடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு மட்டும் இது ஏற்றதன்று. சில வாரங்கள் இப்படி விளையாடிய பிறகும் பயணத்தில் ஒரு கருவி வேண்டும் என்று தோன்றினால், அப்போது வாங்குங்கள்.

கேள்வி: எட்டு மணி நேரம் ஓடும் என்று விளம்பரத்தில் படித்து வாங்கினேன். பெரிய விளையாட்டுகளில் இரண்டு மணி நேரம்கூட வரவில்லை. பேட்டரி பழுதா?

பதில்: பழுதில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்குதான் முழுமையில்லாதது. இந்தத் துறையில் எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் அளக்கப்படுகிறது. 2022இல் வந்த முதல் ஸ்டீம் டெக் கையடக்கக் கணினியில் இருந்தது 40 வாட்-மணி. 2023இல் வந்த அதன் ஓஎல்இடி திரை வகையில் 50. அதே 2023இல் வந்த ஆசுஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி அலை (ROG Ally) கையடக்கக் கணினியில் 40; அடுத்த ஆண்டு வந்த அலை எக்ஸ் (Ally X) வகையில் 80. ஸ்டீம் டெக்கின் சிப் மட்டுமே 15 வாட் வரை எடுக்கும். திரை, மின்விசிறி, வைஃபை எல்லாம் சேர்ந்து மொத்தம் 25 வாட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 40 வாட்-மணி ஒன்றரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் தீர்ந்துவிடும். எட்டு மணி நேரம் வர வேண்டுமானால் கருவி முழுவதும் 5 வாட்டில் ஓட வேண்டும். திரையின் ஒளியைக் குறைத்து, எளிய இருபரிமாண விளையாட்டு எதையாவது ஆடினால்தான் அது நடக்கும். எந்த விளையாட்டில், எத்தனை வாட்டில், திரையின் எந்த ஒளி அளவில் அந்த நேரம் கிடைத்தது என்று சொல்லாமல் மணிக்கணக்கை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவது, வாங்குபவரின் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். இனி எந்தக் கருவியைப் பார்த்தாலும் வாட்-மணியைத் தேடிப் பிடித்து நீங்களே வகுத்துப் பாருங்கள். இப்போது கையில் இருப்பதில் சிப்பின் மின்வரம்பை 8 அல்லது 10 வாட்டாகக் குறைத்து, பிரேம் வேகத்தை நொடிக்கு 40இல் நிறுத்துங்கள். நேரம் கணிசமாகக் கூடும்.

கேள்வி: வாலரன்ட் விளையாடுவதற்காகவே ஸ்டீம் டெக் வாங்கினேன். ஓடவில்லை. கடைக்காரர் திரும்பப் பெற மறுக்கிறார்.

பதில்: அவர் மீது குற்றமில்லை. ஸ்டீம் டெக்குடன் வரும் ஸ்டீம் ஓஎஸ் இயங்குதளம் விண்டோஸ் அன்று, லினக்ஸ் அடிப்படையிலானது. வாலரன்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அதில் இயங்காது. ஃபோர்ட்நைட்டுக்கும் இதே நிலைதான். ஒரே ஒரு விளையாட்டுக்காகக் கருவி வாங்குபவர், அது அதில் ஓடுமா என்று பார்க்காமல் பணம் கட்டியிருக்கக் கூடாது.

கேள்வி: 16 ஜிபி நினைவகம் போதுமா, 24 வேண்டுமா?

பதில்: வசதி இருந்தால் 24. சேமிப்பகத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பலகையில் பற்றவைக்கப்பட்ட நினைவகத்தை மாற்ற முடியாது, அதில் ஒரு பங்கை கிராபிக்ஸும் எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: கையடக்கக் கணினியோடு வெளிப்புற கிராபிக்ஸ் கார்டை இணைத்தால் மேசைக் கணினி தேவைப்படாதுதானே?

பதில்: தேவைப்படும். எல்லா டைப்-சி கருவிகளுக்கும் பொருந்தும் என்ற விற்பனைக் குறிப்பை நம்பி, கார்டைக் கையடக்கக் கணினியோடு இணைக்கும் டாக் கருவி ஒன்றை நானும் வாங்கினேன். அதற்கு டைப்-சி வடிவிலேயே இருக்கும் அதிவேக யுஎஸ்பி4 துளை வேண்டும் என்பது பெட்டிக்குள் இருந்த தாளில்தான் எழுதியிருந்தது. லெனோவாவின் லீஜியன் கோ (Legion Go) என்ற கையடக்கக் கணினியில் அந்தத் துளை இரண்டு உண்டு. ஸ்டீம் டெக்கில் ஒன்றுகூட இல்லை. துளை இருந்தாலும் யுஎஸ்பி4 தருவது நொடிக்கு 40 ஜிகாபிட். மேசைக் கணினியில் கார்டைச் செருகும் பிசிஐஇ 4.0 பதினாறு தடத் துளையோ 250 ஜிகாபிட்டுக்கு மேல் தருகிறது. அதனால் விலையுயர்ந்த கார்டின் திறனில் ஒரு பகுதி வீணாகிறது. கார்டு, டாக், மின்வழங்கி ஆகியவற்றுக்கு ஆகும் தொகையைக் கூட்டினால், பின்னாளில் பாகம் பாகமாக மேம்படுத்தக்கூடிய மேசைக் கணினியையே நெருங்கிவிடும்.

கேள்வி: "இசட்1 எக்ஸ்ட்ரீம்" சிப் உள்ள கையடக்கக் கணினி என்று சொல்லி விற்றார்கள். வீட்டில் பார்த்தால் வெறும் இசட்1. கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எக்ஸ்ட்ரீமில் 8 செயலிக் கருக்களும் 12 கிராபிக்ஸ் அலகுகளும் உண்டு. இசட்1இல் 6 கருக்களும் 4 அலகுகளும் மட்டுமே. கிராபிக்ஸில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு இரண்டும் ஒன்று என்று சொல்வதை எந்த விதத்திலும் ஏற்க முடியாது. பெயர்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது குழம்பியதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் செயலியின் பெயரும் கருக்களின் எண்ணிக்கையும் தெரியும் பக்கத்தைப் படம் பிடியுங்கள். விற்பனை விளம்பரம், ரசீது, பெட்டியின் ஒட்டுச்சீட்டு ஆகியவற்றின் படங்களையும் சேர்த்து, முழுப் பணத்தையும் திருப்பித் தருமாறு நாள் குறித்து எழுத்தில் கேளுங்கள்; தொலைபேசியில் பேசி முடிக்க வேண்டாம். அட்டையில் பணம் கட்டியிருந்தால் அதே நாளில் வங்கியிடமும் முறையிடுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குச் செல்லுங்கள். அதுவரை கருவியில் எதையும் அழிக்காமல், பெட்டியோடு பத்திரமாக வைத்திருங்கள்.