மழைநீர் வடிகால்: மதுரை வாசகர்கள் கேட்டவை, ஓய்வுபெற்ற பொறியாளர் சொன்னவை

செல்லூரிலிருந்து ஒருவர்: ஐயா, 2024 அக்டோபர் மழையில் எங்கள் தெருவே மூழ்கியது. வாய்க்காலை அகலப்படுத்தினால் போதாதா?

அக்டோபர் 25 அன்று 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. கொட்டியது. கணக்குப் போட்டால் 1,000 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் ஏறக்குறைய 4,200 லிட்டர். கண்மாய் என்பது இந்த வேகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கலுங்கு (உபரிநீர் வழிய கரையில் கட்டிய அமைப்பு) வழியே மெல்ல விடும் இடம். அது ஏற்கெனவே நிரம்பி மறுகால் போகும் நாளில் ஊருக்குள்ளும் மழை கொட்டினால் வாய்க்கால் என்ன செய்யும்? அதனால்தான் செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு 290 மீட்டர் நீளத்தில் சிமென்ட் கால்வாய் கட்ட ₹11.9 கோடி அறிவித்தார்கள். நல்ல முடிவு. ஆனால் எந்தக் கால்வாயானாலும் நடுவில் ஒரு குறுகிய சிறுபாலம் இருந்தால், அந்தப் பாலத்தின் அளவுதான் மொத்தக் கால்வாயின் அளவும். குறுக்கே போகும் குடிநீர்க் குழாயில் பழந்துணியும் பாலித்தீன் பையும் சிக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எனவே அளவெடுப்பதை ஆற்றங்கரையில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். நம்மவர்கள் புகார் வந்த தெருவில் தொடங்குகிறார்கள்.

அண்ணா நகர் வாசகி: புது வடிகால் கட்டியும் தண்ணீர் நிற்கிறதே, சார்?

மழை விட்ட மறுநாள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே தெளிந்த நீர் நின்றால் வாட்டம் (நீர் ஓடத் தேவையான சரிவு) தவறிவிட்டது. உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். 100 மீட்டருக்கு 30 செ.மீ. இறக்கமாவது இல்லாவிட்டால் என் மனம் ஒப்பாது. சேறு கிடந்தால் தூர்வாரினால் போதும். 60 செ.மீ. ஆழ வடிகாலில் 30 செ.மீ. வண்டல் படிந்தால், ஓட வேண்டிய நீரில் பாதிகூட ஓடாது.

வில்லாபுரம்: பாதாளச் சாக்கடை வரும்வரை வீட்டுக் கழிவுநீரை இதில் விடலாமா?

கூடாது. கிருதுமால் நதி ஊருக்குள் கழிவுநீர் கலந்தே சாக்கடையாகிவிட்டது, தெரியும் அல்லவா?

கோ.புதூர்: சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். போட்ட பின் கேட்டுப் பயனில்லை.

ஆரப்பாளையம்: வைகையில் வெள்ளம் போகும்போது வடிகால் நீர் திரும்பி வருகிறது. வழி உண்டா?

வடிகால் ஆற்றில் சேரும் முனையில் ஒருவழிக் கதவு பொருத்தலாம். ஆற்று மட்டம் உயர்ந்தால் தானாக மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில் தெரு நீரை இறைத்து வெளியேற்றப் பம்பும் வேண்டும். மின்சாரம் போகும் என்பதால் டீசல் பம்பாக இருக்கட்டும். கதவுக்கு முன்னால் கம்பித் தடுப்பும் அவசியம். இளநீர் மட்டை ஒன்று இடுக்கில் மாட்டினாலே கதவு மூடாது.