டெலோஸுக்கு முதல் படகில் போங்கள்

கேள்வி: ஆகஸ்டில் கிரீஸ் நாட்டின் மிக்கோனோஸ் தீவில் குடும்பத்துடன் நான்கு நாள் தங்குகிறோம். பழங்கால நகரத்தின் இடிபாடுகள் உள்ள பக்கத்துத் தீவான டெலோஸுக்கு ஒரு நாள் போய்வர ஆசை. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு 10 வயது. சரிப்படுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் கடைசி நாளுக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் 'மெல்டெமி' என்ற வடகாற்று அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும்; படகு மட்டும் ஓடாது. முதலிலேயே கிளம்பினால், காற்று கெடுத்தாலும் மறுநாள் கையில் இருக்கும்.

மிக்கோனோஸின் பழைய துறைமுகத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். படகு டிக்கெட் வேறு, நுழைவுச்சீட்டு வேறு. காலை முதல் படகையே பிடியுங்கள். காற்றும் வெயிலும் மதியத்துக்கு மேல்தான் உக்கிரமாகும்.

இறங்கியதும் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். டெலோஸில் பயணிகள் இரவு தங்க அனுமதி இல்லை. அந்தக் காலத்திலும் கெடுபிடிதான். கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள், கிரேக்கக் கடவுள் அப்போலோ பிறந்த தீவைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லி, இங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி எதிரே உள்ள ரினியா தீவுக்கு மாற்றினார்கள். இனி இங்கே பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது என்று உத்தரவு. பிள்ளைத்தாய்ச்சிகளையும் சாகக் கிடந்தவர்களையும் ரினியாவுக்குப் படகேற்றினார்கள்.

அம்மாவைப் படகுத்துறையிலிருந்து, சிங்கச் சிலைகள் வரிசையாக நிற்கும் 'சிங்க வரிசை' வரை அழைத்துப் போங்கள். பெரிய ஏற்றம் இல்லை. தரைதான் கரடுமுரடு, கைத்தடி உதவும். இப்போது அங்கே நிற்கும் சிங்கங்கள் நகல்கள். நாக்சோஸ் தீவினர் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் வைத்த பளிங்குச் சிங்கங்களில் ஒன்று, பின்னாளில் ஒட்டிய தலையோடு வெனிஸில் நிற்கிறது! அவை பார்த்திருந்த புனித ஏரியை, மலேரியா பயத்தால் 1920களில் வற்ற வைத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பள்ளத்தில் ஒரு பேரீச்சை.

மகனைக் கின்தோஸ் குன்றில் ஏற்றுங்கள். 112 மீட்டர்தான், படிகள் செங்குத்து. காற்று பலமாக இருந்தால் அதை விட்டுவிட்டு, பழங்கால நாடக அரங்கத்தின் மழைநீர்த் தொட்டியைக் காட்டுங்கள். கூரையைத் தாங்கிய கல் வளைவுகள் இன்னும் நிற்கின்றன. என்னைக் கேட்டால், கோயில்களைவிட அதுதான் சுவாரசியம்: மழையை நம்பி ஒரு நகரமே பிழைத்திருக்கிறது.

தீவில் மருந்துக்கும் நிழல் கிடையாது. தொப்பி நாடா கட்டியதாக இருக்கட்டும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். திரும்பும்போது படகு கூடுதலாக ஆடும், அம்மாவைக் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் உட்கார வையுங்கள்.